எலிகளின் இரத்த அழுத்தமும் ஆத்தாவின் குறிப்பேடும்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்துக்கான பதில் இது. பெயர், ஊர், குடும்ப அடையாளங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, மருத்துவத்துக்குத் தேவையானவற்றை மட்டும் முதலில் சுருக்கித் தருகிறேன்.

வாசகியின் ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) வயது 69. அப்பச்சி (அப்பா) காலமாகி ஒன்றரை ஆண்டாகிறது. மகன்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வாசகி பக்கத்து ஊரில் இருக்கிறார். முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீளும் பெரிய வீட்டில் ஆத்தாவும் துணைக்கு ஒரு பெண்ணும் மட்டுமே. அப்பச்சி போனபின் ஆத்தாவுக்குச் சாப்பாடு குறைந்தது. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து உட்கார்ந்துவிடுவார். சென்ற பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கக்கூட எழுந்து வரவில்லை. மதுரையில் ஒரு மனநல மருத்துவர் பரிசோதித்து, மனச்சோர்வு நோய் என்று சொல்லி, ஃப்ளுவாக்செடின் 20 மி.கி. மாத்திரையைக் காலையில் ஒன்று கொடுத்தார். ஐந்தாவது வாரத்திலிருந்து ஆத்தா இரண்டு வேளையாவது சரியாகச் சாப்பிட்டார். பேத்தியை அவரே தொலைபேசியில் அழைத்துப் பேசினார். இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர் இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்குமாக மெட்டோப்ரோலால் 50 மி.கி. ஒன்றும், டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை ஒன்றும் இதய மருத்துவர் ஒருவரிடம் வாங்கிச் சாப்பிட்டு வருகிறார்.

மருந்தியல் படிக்கும் வாசகியின் மகன், மனச்சோர்வு மருந்து எலிகளில் குறுகிய நேர இரத்த அழுத்த ஏற்ற இறக்கத்தை மாற்றுகிறது என்ற ஆய்வைப் படித்துவிட்டு வீட்டில் சொல்லியிருக்கிறார். உடனே ஒரு கருவி வாங்கி, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை அளந்து குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். மேல் அளவு 112க்கும் 158க்கும் இடையில் ஏறி இறங்குவதைக் கண்டு பயந்து, ஏழு வாரம் கொடுத்த மாத்திரையை ஐந்து நாளைக்கு முன் நிறுத்திவிட்டார்கள். எலிக்கு நடந்தது ஆத்தாவுக்கும் நடக்கிறதா, நிறுத்தியது சரிதானா, மனநல மாத்திரை சாப்பிடுவதை இதய மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்பவை கடிதத்தின் மூன்று கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவசரமானது அதுதான்.

மூன்றாவது எண்

நீங்கள் அனுப்பியிருக்கும் குறிப்பேட்டுப் பக்கங்களில் ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் இரத்த அழுத்தம். மூன்றாவதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அது நாடித்துடிப்பு. காலை 6.10 மணிக்கு 118/70, துடிப்பு 48. பத்து மணிக்கு 152/84, துடிப்பு 52. இரவு 136/78, துடிப்பு 50. பக்கம் முழுவதும் முதல் எண் குதித்துக்கொண்டிருக்க, கடைசி எண் ஐம்பதை ஒட்டியே நிற்கிறது. இதய மருத்துவரின் பழைய சீட்டில், ஃப்ளுவாக்செடின் தொடங்குவதற்கு முன், துடிப்பு 70 என்று எழுதியிருக்கிறது. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இன்னொரு செய்தியையும் இதனோடு சேர்த்துப் படிக்கிறேன்: விடியற்காலையில் எழுந்து நிற்கும்போது ஆத்தாவுக்குத் தலை சுற்றுகிறது, ஒருமுறை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

இதற்கு நன்கு அறியப்பட்ட ஒரு காரணம் உண்டு. மெட்டோப்ரோலாலைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. மருத்துவர்கள் அதை சிஒய்பி2டி6 என்று குறிப்பிடுவார்கள். ஃப்ளுவாக்செடின் அந்த நொதியை வலுவாகத் தடுக்கும் மருந்து. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவரின் உடலில் மெட்டோப்ரோலால் தேங்கி, 50 மி.கி. சாப்பிட்டவருக்கு அதைவிடப் பெரிய அளவு சாப்பிட்டது போன்ற விளைவு உண்டாகலாம். துடிப்பு குறையும், எழுந்தால் தலை சுற்றும், சிலருக்கு இதயத்தின் மின்கடத்தலே தடைப்படும். ஆத்தாவுக்கு நடப்பது இதுதான் என்று கடிதத்தை வைத்துக்கொண்டு நான் உறுதியாகச் சொல்ல முடியாது. வயதினால் வரும் மின்கடத்தல் கோளாறு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவையும் துடிப்பைக் குறைக்கும். ஆனால் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

ஆகவே நாளைக்கே ஆத்தாவை அழைத்துக்கொண்டு போய் ஓர் ஈ.சி.ஜி. எடுங்கள், இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகச் செயலைக் காட்டும் கிரியாட்டினின் பாருங்கள். காரைக்குடியிலேயே இவை அனைத்தும் முடியும். அதுவரை மெட்டோப்ரோலாலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத் துடிப்பைத் தணிக்கும் இத்தகைய பீட்டா தடுப்பு மருந்தைப் பல ஆண்டு சாப்பிட்டபின் திடீரென்று விட்டால் இரத்த அழுத்தமும் படபடப்பும் எகிறும், நெஞ்சுவலி வரக்கூடும். அடுத்த வேளையைக் கொடுக்கலாமா என்பதை மருந்தெழுதிய மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் கேளுங்கள். மயங்கி விழுந்தாலோ, துடிப்பு 45க்குக் கீழே போனாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ புதிய குழப்பப் பேச்சோ தென்பட்டாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

எலிகளில் அளந்தது என்ன

இனி உங்கள் முதல் கேள்வி. உங்கள் மகன் படித்தது கட்டுக்கதை அல்ல. அவர் அதைப் படித்ததும், ஆயாவின் (பாட்டியின்) மாத்திரையோடு பொருத்திப் பார்த்ததும் நல்ல மாணவனின் செயல். அந்த ஆய்வுகளில் என்ன அளக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் பொருத்தம் பிசகியது என்பது அவருக்கே விளங்கும்.

இரத்த அழுத்தம் ஒரே எண்ணாக நிற்பதில்லை என்பது, அதை முதன்முதலில் அளந்த நாளிலிருந்தே தெரியும். 1733இல் வெளியான தம் நூலில் இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு உயரமான கண்ணாடிக் குழாயைப் பொருத்தியதை விவரிக்கிறார். இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியது. ஏறிய இடத்தில் நிற்காமல் ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் அசைந்தது. 1876இல் சீக்மண்ட் மேயர், துடிப்பையும் மூச்சையும் விட மெதுவான இன்னோர் அலை முயல்களின் இரத்த அழுத்தத்தில் இருப்பதை விவரித்தார். அந்த அலை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. மனிதரில் அது ஏறக்குறைய 10 நொடிக்கு ஒருமுறை வந்துபோகும். எலியில் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை. எலியின் இதயம் நிமிடத்துக்கு முந்நூறு, நானூறு முறை துடிப்பது. அதன் காலக்கணக்கே வேறு.

இன்றைய ஆய்வகத்தில் எலியின் பெருந்தமனியில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, அதோடு சேர்ந்த சிறிய ஒலிபரப்பியை வயிற்றுக்குள் பொருத்தி, காயம் ஆறவிட்டு, எலி தன் கூண்டில் இயல்பாக நடமாடும்போதே ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் பதிவு செய்கிறார்கள். பிறகு கணினியில் அந்தப் பதிவை வேகவாரியாகப் பிரிக்கிறார்கள். மூச்சோடு இணைந்த வேகமான அலை ஒன்று. இரத்தக் குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகளோடு தொடர்புடைய நடுத்தர அலை ஒன்று. ஹார்மோன்களும் குழாய்ச் சுவர்களும் பங்கேற்கும் மிக மெதுவான அலை ஒன்று. எந்த அலை பெருத்தது, எது சிறுத்தது என்பதைக் கொண்டு, உடலுக்குள் எந்தக் கட்டுப்பாடு கூடியிருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள்தாம் இந்தக் கட்டுப்பாட்டின் முக்கியக் கண்ணி. 1973இல் கவுலி, லியார்ட், கைட்டன் ஆகியோர் நாய்களில் அந்த உணரி நரம்புகளை நீக்கிப் பார்த்தபோது, நாள் முழுவதுக்குமான சராசரி அழுத்தம் பெரிதாக மாறவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும் வெகுவாகக் கூடியது. சராசரி வேறு, ஏற்ற இறக்கம் வேறு. இரண்டையும் உடல் வெவ்வேறு வழிகளில் ஆள்கிறது என்பதை அந்தச் சோதனை தெளிவாகக் காட்டியது.

இதில் மனச்சோர்வு மருந்து எங்கே வருகிறது? ஃப்ளுவாக்செடின், நரம்பு முனைகள் செரோட்டோனின் என்ற நரம்புச் செய்திப்பொருளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கிறது. அந்த அழுத்த உணரிகளின் செய்தி மூளைத்தண்டில் வந்து சேரும் இடத்திலும் செரோட்டோனின் வேலை செய்கிறது. பரிவு நரம்புகளை முடுக்குவதிலும் அடக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. போதாக்குறைக்கு, மனச்சோர்வு நோயே இதய நோயாளிகளின் ஆயுளைக் குறைக்கிறது என்பதும், அந்நோயில் இதயத் துடிப்பின் இயல்பான நெகிழ்வு குறைகிறது என்பதும் பல ஆய்வுகளில் கண்டவை. மருந்து இந்தக் கட்டுப்பாட்டைச் சீராக்குகிறதா, கலைக்கிறதா என்று அறிவியலாளர்கள் கேட்பது அதனால்தான். நோயாளிகளின் நன்மைக்காகவே கேட்கப்படும் கேள்வி அது. அந்த மருந்தின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு அல்ல.

விடைகள் ஒரே மாதிரி வருவதில்லை. ஒரே ஊசியில் கொடுத்தபோது கண்டதும், சில வாரம் நாள்தோறும் கொடுத்தபோது கண்டதும் வேறுபடுகின்றன. எலி அமைதியாக இருக்கிறதா, அடைத்து வைத்து நெருக்கடிக்கு உட்படுத்தப்பட்டதா என்பதைப் பொறுத்து மாறுகின்றன. மயக்கமருந்து கொடுத்திருந்தால் அழுத்த உணரிகளின் செயலே மங்கிவிடும். அளவையும் மறந்துவிடக் கூடாது. இத்தகைய எலிச் சோதனைகளில் கிலோவுக்கு 10 மி.கி. கொடுப்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. எலியின் அளவை மனிதருக்கு மாற்ற, உடற்பரப்பைக் கணக்கில் கொண்டு 6.2ஆல் வகுப்பார்கள், அப்படிப் பார்த்தால் 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறக்குறைய 97 மி.கி. ஆகிறது. ஆத்தா சாப்பிட்டது 20 மி.கி. உங்கள் மகனை இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் குறிப்பேட்டில் இருப்பது என்ன

ஆய்வகம் அளந்தது நொடிகளுக்குள் நடப்பது. நீங்கள் எழுதியது மணிக்கு மணி நடப்பது. ஊருணியில் காற்றுக்கு எழும் சிற்றலையையும், கோடைக்கும் மழைக்கும் படிக்கட்டில் இறங்கி ஏறும் நீர்மட்டத்தையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. கையில் பட்டை சுற்றி அளக்கும் வீட்டுக் கருவியால் அந்த நொடி அலைகளைப் பார்க்கவே முடியாது. ஆகவே மகன் படித்த ஆய்வு சரியாகவே இருந்தாலும், உங்கள் குறிப்பேடு அதற்குச் சான்றாகாது.

ஒரே நாளில் மேல் அளவு 20, 30 மாறுவது யாருக்கும் உண்டு. விழித்தெழும்போது ஏறும், காபி குடித்ததும் ஏறும், பேசிக்கொண்டே அளந்தால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஏறும். சாப்பிட்டபின் முதியவர்களுக்கு இறங்கும், தூக்கத்தில் 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்குவது இயல்பு. உங்கள் பக்கத்தில் 158 என்று உள்ள வரிக்கு எதிரே, "மாடிப்படி ஏறி வந்ததும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மூன்று நிமிடம் கழித்து 144, இன்னும் இரண்டு நிமிடம் கழித்து 138. கருவி தவறவில்லை, உடலும் தவறவில்லை. எண்ணைக் கண்டதும் வீட்டில் எழுந்த பதற்றமும், "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று பட்டையை மீண்டும் மீண்டும் இறுக்கியதும் அடுத்தடுத்த எண்களில் கலந்திருக்கும்.

அதற்காக எல்லா ஏற்ற இறக்கமும் பொருட்படுத்தத் தகாதவை என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் அழுத்தம் பெரிதும் மாறி மாறி இருப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் கூடுதல் என்று பீட்டர் ராத்வெல் குழுவினர் 2010இல் காட்டினார்கள். மாதக்கணக்கில் பார்க்கப்படும் மாறுபாடு அது. அதை அறிய ஒழுங்கான பதிவு வேண்டும். ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன்னும் இரவிலும், முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை இதய மட்டத்தில் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாள்களின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85ஐத் தொட்டால்தான் அழுத்தம் அதிகம் என்று பேசத் தொடங்குவோம். உங்கள் எண்களின் சராசரியை நான் கணக்கிட்டுப் பார்த்தபோது அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறது. மருத்துவருக்கு ஐயம் இருந்தால் 24 மணி நேரக் கருவியைக் கட்டிப் பார்க்கச் சொல்வார்.

உட்கார்ந்து எடுக்கும் அளவோடு இன்னும் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆத்தா ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒன்று, எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், அதுதான் மருத்துவர் பார்க்க வேண்டிய ஏற்ற இறக்கம். நிற்க வைத்து அளக்கும்போது பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மனச்சோர்வு மருந்துகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பதும் சரியல்ல. இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் நிற்கும்போது அழுத்தத்தை இறக்கிவிடும். வென்லாஃபாக்சின் அளவு கூடும்போது அழுத்தத்தை ஏற்றும். ஃப்ளுவாக்செடின், செர்ட்ரலின் வகை மருந்துகள் வழக்கமான அளவில் பெரும்பாலோரின் அழுத்தத்தைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மாற்றுவதில்லை. மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்த 369 பேரிடம் செர்ட்ரலினைச் சோதித்து 2002இல் வெளியான ஆய்விலும் இதயத்தின் செயல்திறனுக்குக் கேடு காணப்படவில்லை. ஆத்தாவின் விஷயத்தில் என்னைக் கவலைப்படுத்துவது ஃப்ளுவாக்செடின் தனியாகச் செய்வதல்ல, பக்கத்து மாத்திரையோடு சேர்ந்து செய்வது.

நிறுத்தியது சரிதானா

மனம் வருந்தாமல் கேளுங்கள்: நிறுத்தினால் பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே பொருந்தவில்லை. தொடர்ந்து சாப்பிட்ட ஃப்ளுவாக்செடின் பாதியாகக் குறையவே நான்கு முதல் ஆறு நாளாகும். அது உடலில் மாறி உண்டாகும் நார்ஃப்ளுவாக்செடின் அதைவிட நீண்ட நாள் தங்கும், அதுவும் அதே நொதியைத் தடுக்கும். முழுவதும் வெளியேற ஐந்து வாரம் வரை ஆகலாம். ஐந்து நாளாக மாத்திரை கொடுக்காவிட்டாலும் துடிப்பு இன்னும் 50இல் நிற்பதற்கு இது காரணமாக இருக்கலாம். அதாவது நீங்கள் அஞ்சிய விளைவு உடனே நீங்கவில்லை. ஆனால் ஆத்தாவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த நன்மை மெல்லக் கரையத் தொடங்கியிருக்கும். மற்ற சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் வரும் தலைச்சுற்றலும் எரிச்சலும் ஃப்ளுவாக்செடினில் குறைவு என்பது மட்டும் இங்கே ஆறுதல். "பழகிப்போய் அடிமையாகிவிடுவார்" என்று உங்கள் சின்னம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மதுவையும் தூக்க மாத்திரையையும் தேடுவதுபோல் இந்த மருந்தை யாரும் தேடி ஏங்குவதில்லை. நோய் தணிந்தபின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது நோய் திரும்பாமல் இருப்பதற்காக.

உங்கள் கடிதத்தில் ஆத்தாவின் குரல் எங்கேயும் கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா? அந்த ஐந்தாவது வாரத்தில் அவருக்கே என்ன தோன்றியது? 69 வயது என்பது தம் உடலைப் பற்றித் தாமே முடிவு செய்யக்கூடிய வயதுதான். நீங்கள் அன்பினால் பதறினீர்கள் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் நாளை மருத்துவரின் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டியவர் அவர்.

இன்னொன்றையும் அவரிடம் தனியாக, நேராகக் கேளுங்கள்: "வாழ்ந்தது போதும் என்று தோன்றுகிறதா ஆத்தா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதுவிட்டாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவர்களிடம் பேச வேண்டிய வழிகள்

ஈ.சி.ஜி.யும் சோடியம் அளவும் கையில் வந்தபின் மூன்று வழிகள் உண்டு. ஃப்ளுவாக்செடினால் பலன் தெரிந்திருப்பதால் அதையே தொடர்ந்து, மெட்டோப்ரோலால் அளவைக் குறைக்கலாம், அல்லது அந்த நொதியை நம்பியிராத அட்டெனலால், பிசோப்ரோலால் போன்ற ஒன்றுக்கு மாறலாம். இரண்டாவது வழி, மெட்டோப்ரோலாலை வைத்துக்கொண்டு மனச்சோர்வு மருந்தைச் செர்ட்ரலினுக்கு மாற்றுவது. அது குறைந்த அளவில் அந்த நொதியை அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் ஃப்ளுவாக்செடின் வெளியேறும் வரை சில வாரம் நாடியைக் கவனிக்க வேண்டும், புதிய மருந்து வேலை செய்யவும் வாரங்கள் பிடிக்கும். மூன்றாவது, படபடப்புக்கு இன்னும் பீட்டா தடுப்பு மருந்து தேவைதானா என்று இதய மருத்துவர் மறுபரிசீலனை செய்து, அழுத்தத்துக்கு அம்லோடிபின் போன்றதைத் தருவது. ராத்வெல் குழு பார்த்த அந்த மாறுபாட்டைப் பீட்டா தடுப்பு மருந்துகளைவிட அவ்வகை மருந்து நன்றாகக் குறைக்கிறது என்பது இதற்கு ஒரு சாதகம். ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் நான் முதல் வழியை விரும்புவேன். ஏழு வாரத்தில் பசி திரும்பிய ஒருவருக்கு அந்த மருந்தை மாற்ற எனக்கு மனம் வராது. ஆனால் முடிவு அவரை நேரில் பார்ப்பவர்களுடையது.

சோடியத்தை நான் வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. ஃப்ளுவாக்செடின் வகை மருந்தும் ஹைட்ரோகுளோரோதயசைடும் தனித்தனியாகவே இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. முதிய பெண்களுக்கு, தொடங்கிய முதல் வாரங்களில், இந்த அபாயம் அதிகம். சோர்வு, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம் என்று அது வரும்போது, வீட்டார் மனச்சோர்வு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். சோடியம் குறைந்திருந்தால் நீங்களாக உப்புக் கரைசலும் ஊறுகாயும் கொடுத்து ஈடுகட்ட முயல வேண்டாம். மருந்தை மாற்றித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையை இன்றோடு விட்டுவிடுங்கள். அது அழுத்தத்தை ஏற்றும். ஃப்ளுவாக்செடினோடு சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசிய வைக்கும்.

சொல்லலாமா, கூடாதா

இதய மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மனநல மருத்துவரிடம், "பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்" என்று மட்டும் சொன்னதாகவும், பெயர்களைச் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மருத்துவர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதியதுதான் இந்தச் சிக்கலின் வேர். ஊரில் தெரிந்தால் பேத்தியின் கல்யாணப் பேச்சில் இடறும் என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. நம் பக்கத்தில் அந்தப் பேச்சு எப்படிப் பரவும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மருத்துவரிடம் சொல்வதும் ஊருக்குச் சொல்வதும் ஒன்றல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23இல், மன நோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் தகவலை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அவருக்கு அளித்திருக்கிறது. இதய மருத்துவரிடம், "இது எங்கள் வீட்டோடு இருக்கட்டும்" என்று சொல்லியே கொடுக்கலாம். எல்லா மாத்திரை அட்டைகளையும், டைக்ளோஃபெனாக்கையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு இருவரிடமும் காட்டுங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் ஆத்தா எழுந்து, வளவைச் சுற்றி, இரண்டு உயர்ந்த நிலைப்படிகளைத் தாண்டி, பின்கட்டுக் குளியலறைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வழுவழுப்பான தரையில், தலைச்சுற்றலோடு, இருட்டில் நடக்கும் நடை அது. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அந்தக் குடும்பம் மீள ஓராண்டு ஆகும். கழிப்பறைக்கு அருகில் உள்ள அறைக்கு அவர் படுக்கையை மாற்றுங்கள். வழியில் இரவு விளக்கு எரியட்டும். எழுந்தவுடன் நடக்காமல், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு எழச் சொல்லுங்கள். துணைக்கு இருக்கும் பெண் அதே அறையில் படுப்பது நல்லது.

நாளை போகும்போது உங்கள் மகனையும் அழைத்துப் போங்கள். எலி ஆய்வைப் படித்தவர் அவர். இரண்டு மருந்துகளும் ஒரே நொதியில் மோதுவதை மருத்துவர் விளக்கும்போது குறிப்பெடுத்துக்கொள்ளவும் அவரே பொருத்தமானவர். குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். மூன்றாவது எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஃப்ளுவாக்செடின் தொடங்கிய தேதியையும் நிறுத்திய தேதியையும் முதல் பக்கத்தின் மேலே எழுதி வையுங்கள்.